நிக்கல்–அலுமினா வினையூக்கி: மீத்தேன் குறைந்தால் எங்கே தேடுவது

கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் நிக்கல் மீது செலுத்தி மீத்தேன் பெறலாம் என்பதை 1902-ல் பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாட்டியரும் செண்டரன்ஸும் காட்டினர். வினை எளியது: ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடுக்கு நான்கு மோல் ஹைட்ரஜன் சேர்ந்து ஒரு மோல் மீத்தேனும் இரண்டு மோல் நீரும் உண்டாகின்றன, மோலுக்கு 165 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது. வினையூக்கியின் செய்முறையும் காகிதத்தில் எளியதே. நிக்கல் நைட்ரேட்டைக் கரைத்து காமா அலுமினா என்ற நுண்துளை அலுமினியம் ஆக்சைடின் துளைகளில் ஏற்றி, உலர்த்தி, காற்றில் சுட்டு, ஹைட்ரஜனில் ஒடுக்கினால் (ஆக்சிஜனை நீக்கி நிக்கலை உலோகமாக்கினால்) போதும். ஆனால் ஏற்றும்போது நேர்ந்த பிழை ஏற்றும்போது தெரிவதில்லை. பல நாள் கழித்து வினைக்குழாயின் வெளிவாயிலில்தான் அது முகம் காட்டுகிறது. ஆகவே இந்த வழிமுறை பின்னிருந்து முன்னாகச் செல்கிறது: முதலில் அளவீடு, அடுத்து ஒடுக்கம், பிறகு சுடுதல், கடைசியில் கரைசலை ஏற்றும் முறை. செலவு குறைந்த சோதனையை முதலில் முடித்துவிட வேண்டும் என்பதும் இவ்வரிசைக்கு ஒரு காரணம்.

கீழே வரும் எண்கள் அனைத்தும் 10 சதவீத நிக்கல் கொண்ட 10 கிராம் தொகுதியை மனத்தில் வைத்தவை. அதாவது 9 கிராம் காமா அலுமினாவுக்கு 1 கிராம் நிக்கல் வேண்டும். அதைத் தருவதற்கு ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட நிக்கல் நைட்ரேட் 4.95 கிராம் தேவை. சோதனைக்கு 100 மில்லிகிராம் வினையூக்கி, நிமிடத்துக்கு மொத்தம் 50 மில்லிலிட்டர் வாயு, ஹைட்ரஜன் நான்கு பங்கும் கார்பன் டை ஆக்சைடு ஒரு பங்கும், வளிமண்டல அழுத்தம் என்று கொள்க.

அறிகுறி: மாற்ற விகிதம் எதிர்பார்த்ததில் பாதிதான் வருகிறது

மாற்ற விகிதம் என்பது உள்ளே சென்ற கார்பன் டை ஆக்சைடில் வினைப்பட்ட பங்கு. வினையூக்கியைக் குப்பையில் போடுவதற்கு முன் அதன் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும். இந்த வினையில் ஐந்து மோல் வாயு மூன்று மோலாகச் சுருங்குகிறது. நீரைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டால் இன்னும் சுருங்குகிறது. இதைக் கருதாமல் கேஸ் குரோமடோகிராப் (வாயுக்கலவையைப் பிரித்து அளக்கும் கருவி) காட்டும் சதவீதத்தை நேரே உள்வாயுவின் சதவீதத்தோடு ஒப்பிடுவதே நான் மிக அதிகமாகக் காணும் பிழை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உள்ளே 1 மோல் கார்பன் டை ஆக்சைடும் 4 மோல் ஹைட்ரஜனும் செல்கின்றன. எனவே உள்வாயுவில் கார்பன் டை ஆக்சைடு 20 சதவீதம். உண்மையான மாற்றம் 80 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளியே 0.2 மோல் கார்பன் டை ஆக்சைடு, 0.8 மோல் ஹைட்ரஜன், 0.8 மோல் மீத்தேன், 1.6 மோல் நீர் வருகின்றன. நீர் குளிர்பொறியில் தங்கிவிட்டால் எஞ்சும் உலர்வாயு 1.8 மோல், அதில் கார்பன் டை ஆக்சைடு 11.1 சதவீதம். 20 சதவீதம் 11.1 ஆகக் குறைந்தது என்று மேலோட்டமாகக் கணக்கிட்டால் மாற்றம் 44 சதவீதம் என்று வரும். 80 சதவீதம் தரும் நல்ல வினையூக்கி ஒன்று இப்படித்தான் தாளில் மோசமானதாகிவிடுகிறது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உள்ளன. உள்வாயுவில் தெரிந்த அளவு நைட்ரஜனையோ ஆர்கானையோ கலந்து, வினையில் பங்கு கொள்ளாத அதன் சிகரத்தை அளவுகோலாகக் கொள்வது சிறந்தது. அது இயலாவிட்டால், வெளிவரும் கார்பன் சேர்மங்களை மட்டும் கொண்டு, மீத்தேனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்த தொகையை கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த மூன்று சேர்மங்களின் மொத்தத் தொகையால் வகுக்கலாம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 0.8-ஐ 1.0-ஆல் வகுக்க 80 சதவீதம் சரியாகக் கிடைக்கிறது. ஆனால் இரண்டாம் முறை, கார்பன் வினையூக்கியில் படிந்து தங்கினால் அதைக் காட்டாது. அந்த ஐயம் இருக்கும்போது முதல் முறையே வேண்டும்.

கணக்கு சரியாக இருந்தால், அடுத்து வாயுவை வினைக்குழாயைத் தவிர்த்து நேரே குரோமடோகிராபுக்கு அனுப்பி, நான்குக்கு ஒன்று என்ற விகிதம் உண்மையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்கு அளவு திருத்தப்பட்ட மாஸ் ஃப்ளோ கண்ட்ரோலரில் (வாயு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவியில்) திருத்தக் காரணி இல்லாமல் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் எண் தவறிவிடும். சோப்புக் குமிழி அளவியால் ஒருமுறை நேரில் சரிபார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலைதான்.

அறிகுறி: மாற்ற விகிதம் நம்பமுடியாத அளவுக்கு நன்றாக இருக்கிறது

மோசமான எண்ணை ஐயுறுபவர்கள் நல்ல எண்ணை ஐயுறுவதில்லை. வளிமண்டல அழுத்தத்தில் சமநிலை மாற்றம், அதாவது எந்த வினையூக்கியாலும் தாண்ட முடியாத எல்லை, 300 டிகிரி செல்சியஸில் சுமார் 95 சதவீதம். 400 டிகிரியில் 85 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடுகிறது. 400 டிகிரியில் 93 சதவீதம் கிடைத்தது என்று குறிப்பேட்டில் இருந்தால், அது வினையூக்கியின் சாதனை அன்று. வெப்பநிலையோ கணக்கோ பிழை என்பதற்கான சான்று.

பெரும்பாலும் தெர்மோகப்பிளின் (வெப்பநிலை உணரியின்) முனை வினையூக்கிப் படுகைக்குள் இல்லாமல் உலைச் சுவரில் இருக்கும். வினை வெப்பம் வெளியிடுவது என்பதால் படுகை உலையைவிடச் சூடாக இருக்கும். வெப்பநிலை திடீரென எகிறிப் பற்றிக்கொண்ட பிறகு இரண்டுக்கும் இடையே பல பத்து டிகிரி வேறுபாடு சாதாரணம். அம்மோனியா ஆலைகளின் மீத்தேனாக்கும் கலங்களில், வாயுவில் உள்ள ஒவ்வொரு ஒரு சதவீதக் கார்பன் டை ஆக்சைடுக்கும் ஏறக்குறைய 60 டிகிரி ஏற்றம் என்பது பழகிய கணக்கு. நம் உள்வாயுவில் இருப்பதோ 20 சதவீதம். ஆகவே 100 மில்லிகிராம் வினையூக்கியை, அதே பருமனில் சலித்த சிலிக்கன் கார்பைடுடன் பல மடங்கு கலந்து நீர்த்துப்போகச் செய்வதும், தேவையானால் உள்வாயுவையே மந்த வாயுவால் நீர்த்துப்போகச் செய்வதும் கட்டாயம்.

இன்னொரு காரணம் துருப்பிடிக்காத எஃகுக் குழாய். 304 வகை எஃகில் 8 சதவீதத்துக்குக் குறையாத நிக்கல் இருக்கிறது. தெர்மோகப்பிளின் உலோக உறையிலும் பெரும்பாலும் நிக்கல் உண்டு. வெறும் அலுமினாவை நிரப்பி, அதே நிபந்தனையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் குழாயின் பங்கு தெரிந்துவிடும். குவார்ட்ஸ் குழாய் கிடைக்குமானால் இந்தத் தலைவலியே இல்லை.

அறிகுறி: அளவீடு சரி, ஆனால் வினையூக்கி மந்தமாகவே இருக்கிறது

இங்கே நிறமே முதல் கருவி. நைட்ரேட் ஏற்றி உலர்த்திய தூள் வெளிர்பச்சை, காற்றில் சுட்டபின் சாம்பல் அல்லது கருஞ்சாம்பல், ஒடுக்கியபின் கருமை. ஒடுக்கிய பின்னும் தூள் சாம்பலாகவோ நீலம் தோய்ந்தோ இருந்தால் நிக்கல் இன்னும் உலோகமாகவில்லை என்று பொருள்.

ஒடுக்கம் நிறைவேறாமைக்கு எளிய காரணங்கள் மூன்று. ஹைட்ரஜன் ஓட்டம் குறைவாக இருந்தால் ஒடுக்கத்தில் உண்டாகும் நீராவி படுகையிலேயே தங்கி ஒடுக்கத்தைத் தடுக்கும். உண்டான சிறு நிக்கல் துகள்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பெரிதாக்கவும் செய்யும். ஆகவே ஒடுக்கும்போது ஓட்டத்தைத் தாராளமாக வைத்து, வெப்பநிலையை நிமிடத்துக்கு 2 முதல் 5 டிகிரி வீதம் ஏற்ற வேண்டும். இரண்டாவது, வெப்பநிலை போதாமை: அலுமினாவோடு ஓரளவு பிணைந்த நிக்கல் ஆக்சைடுக்கு 500 முதல் 600 டிகிரி வரை தேவைப்படும், சுத்த நிக்கல் ஆக்சைடுக்கு 350 டிகிரியே போதும் என்பதைப் படித்துவிட்டு 400-ல் நிறுத்துபவர்கள் உண்டு. மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத காற்றுக் கசிவு. குழாயை அடைத்து அழுத்தமேற்றி, அரை மணி நேரம் அழுத்தமானி அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஒடுக்கிய வினையூக்கியை வேறு கருவிக்கு எடுத்துச் சென்றிருந்தால் அது காற்றைத் தொட்டிருக்கும். நுண்ணிய நிக்கல் காற்றில் தானே சூடேறிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. அதனால் அறை வெப்பநிலைக்குக் குளிர்ந்தபின், நைட்ரஜனில் 0.5 முதல் 1 சதவீதம் ஆக்சிஜன் கலந்த வாயுவை மெல்லச் செலுத்தி, மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாக்கிய பிறகே வெளியே எடுக்க வேண்டும். அப்படி எடுத்ததை மீண்டும் பயன்படுத்தும்போது ஹைட்ரஜனில் மறுபடி ஒடுக்காமல் வினையைத் தொடங்கினால் மந்தமாகத்தான் இருக்கும்.

அறிகுறி: எவ்வளவு ஒடுக்கினாலும் நீலம் மாறவில்லை

நீலம் என்றால் நிக்கல் அலுமினேட் ஸ்பினெல், அதாவது நிக்கலும் அலுமினாவும் ஒன்றிய கலப்பு ஆக்சைடு. நிக்கல் அயனிகள் அலுமினாவின் படிகக் கூட்டுக்குள் புகுந்துவிட்டன; அவற்றை வெளியே இழுக்க 750 டிகிரிக்கு மேல் ஹைட்ரஜன் வேண்டும். இதை எக்ஸ்ஆர்டி (படிகங்கள் எக்ஸ்கதிரைச் சிதறடிக்கும் கோணங்களை அளக்கும் சோதனை) கொண்டு கண்டுபிடிக்க முயல்வது பெரும்பாலும் வீண், ஏனெனில் ஸ்பினெலின் கோடுகள் காமா அலுமினாவின் அகன்ற கோடுகள் மேலேயே விழுகின்றன. வெப்பநிலையைச் சீராக ஏற்றியபடி ஹைட்ரஜன் செலவை அளக்கும் டிபிஆர் சோதனைதான் இதற்கு உரியது. 300 முதல் 450 டிகிரிக்குள் சிகரம் எழுந்தால் அது தாங்கியான அலுமினாவோடு ஒட்டாத நிக்கல் ஆக்சைடு. 450 முதல் 700 வரை எழுவது அலுமினாவோடு பிணைந்தது. அதற்கும் மேல் எழுவது ஸ்பினெல். சிகரங்களின் பரப்பையும் கூட்டிப் பார்க்க வேண்டும்: 100 மில்லிகிராம் வினையூக்கியில் 10 மில்லிகிராம் நிக்கல் இருந்தால், முழு ஒடுக்கத்துக்கு ஏறத்தாழ 3.8 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் செலவாக வேண்டும். இதைவிட வெகுவாகக் குறைந்தால், ஒன்று நிக்கல் ஒடுங்கவில்லை, அல்லது தொகுதியில் நிக்கலே குறைவு.

நீலத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுட்ட வெப்பநிலைதான். 700 டிகிரியைத் தாண்டினால் ஸ்பினெல் விரைவாக வளர்கிறது. 400 முதல் 450 டிகிரியில் 3 அல்லது 4 மணி நேரமே நைட்ரேட் சிதையப் போதுமானது. மஃபிள் உலையின் காட்டியில் 450 என்று இருப்பதாலேயே உள்ளே 450 என்று நம்பிவிடக் கூடாது. பழைய உலைகளில் பின்சுவருக்கும் கதவுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கும். தனித் தெர்மோகப்பிள் ஒன்றைப் பாத்திரத்தின் அருகில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

நிக்கல் 2, 3 சதவீதமே உள்ள தொகுதிகளில் 450 டிகிரியில் சுட்டாலும் பெரும்பகுதி அலுமினாவோடு பிணைந்தே இருக்கும். அது பிழையன்று, குறைந்த ஏற்றத்தின் இயல்பு. பிணைப்பை முழுத் தீமையாகக் கருதுவதும் சரியன்று என்பது என் கருத்து. பிணைந்த நிக்கலை உயர்வெப்பத்தில் பொறுமையாக ஒடுக்கினால் கிடைக்கும் துகள்கள் சிறியவை, எளிதில் திரளாதவை. ஒட்டாத நிக்கல் ஆக்சைடு முதல் நாளில் வேகமாகவும் பத்தாம் நாளில் சோர்ந்தும் வேலை செய்யும்.

அறிகுறி: எக்ஸ்ஆர்டியில் நிக்கல் ஆக்சைடின் கோடுகள் ஊசியாக எழுகின்றன

தாமிர எக்ஸ்கதிரில் 37.2, 43.3, 62.9 டிகிரிகளில் (இவை கோணங்கள், வெப்பநிலை அன்று) கூர்மையான கோடுகள் வந்தால் படிகங்கள் பெருத்துவிட்டன. ஒடுக்கிய வினையூக்கியில் நிக்கலின் முதற்கோடு 44.5 டிகிரியில் வருகிறது. ஆனால் அதன் தோளிலேயே அலுமினாவின் அகன்ற கோடு 46 டிகிரியை ஒட்டி இருப்பதால், கோட்டின் அகலத்திலிருந்து துகள் அளவைத் தரும் ஷெர்ரர் சமன்பாட்டைப் போட 51.8 டிகிரிக் கோட்டைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

பருத்த படிகங்களின் பிறப்பிடம் சுடும் கட்டம். நிக்கல் நைட்ரேட் 57 டிகிரியிலேயே தன் படிகநீரில் தானே உருகிவிடும். ஆழமான பீங்கான் கிண்ணத்தில் தூளைக் குவித்து, காற்றோட்டமில்லாத மஃபிள் உலையில் வேகமாகச் சூடேற்றினால், வெளியேற வழியில்லாத நீராவியும் நைட்ரஜன் டை ஆக்சைடும் குவியலுக்குள் தேங்கி, உருகிய உப்பை நகர்த்தித் திரளச் செய்யும். சுட்டபின் குவியலின் மேற்பகுதி ஒரு நிறமாகவும் அடிப்பகுதி கருத்த கட்டிகளாகவும் இருந்தால் இதுவே நடந்திருக்கிறது. தீர்வு: தூளைச் சில மில்லிமீட்டர் தடிப்பில் பரப்புதல், நிமிடத்துக்கு 1 அல்லது 2 டிகிரி ஏற்றம், கூடுமானால் குழாய் உலையில் காற்றைத் தொடர்ந்து செலுத்துதல். பழுப்பு நிறப் புகை நச்சு; உலையின் வெளிவாயில் புகைக்கூண்டுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) இருக்க வேண்டும்.

குளோரைடு உப்பு மலிவு என்பதால் நைட்ரேட்டுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே அறிகுறி தோன்றும். எஞ்சும் குளோரைடு நிக்கல் திரள்வதை ஊக்குவிக்கும். சுட்டு அதை முழுதாக விரட்டுவது கடினம். அந்தச் சிக்கனம் வேண்டாம்.

அறிகுறி: உலர்ந்த தூளின் மேலே பச்சை ஆடை, உள்ளே வெளுப்பு

பிழைகளின் ஊற்று பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஏற்றவேண்டிய கரைசலின் பருமன் அலுமினாவின் நுண்துளைப் பருமனுக்குச் சமமாக இருக்க வேண்டும். பையில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், 500 டிகிரியில் சுட்டு ஈரம் போக்கிய அலுமினா 1 கிராமை எடுத்து, பிப்பெட்டால் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் கண்ணாடிக் குச்சியால் கிளறியபடியே இருந்தால் ஒரு கட்டம் வரும்: தூள் புட்டுக்குப் பிசிறிய மாவு போல, பிடித்தால் பிடிபடும், அழுத்தினால் உதிரும். அதற்கு அடுத்த ஓரிரு சொட்டில் பளபளப்பு தோன்றிக் கண்ணாடியில் ஒட்டத் தொடங்கும். ஒட்டுவதற்கு முந்தைய அளவே நமக்கு வேண்டியது.

அது கிராமுக்கு 0.6 மில்லிலிட்டர் என்று வந்தால் 9 கிராமுக்கு 5.4 மில்லிலிட்டர். இது கரைசலின் பருமன், நீரின் பருமன் அன்று. 4.95 கிராம் உப்பே ஏறத்தாழ 2.4 மில்லிலிட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும், 5.4 மில்லிலிட்டர் நீரில் உப்பைக் கரைத்தால் கரைசல் மிகுந்து, துளைக்கு வெளியே நிற்கும் உபரி உலரும்போது பச்சை ஆடையாகப் படியும். 3 மில்லிலிட்டர் நீருக்குள் கரைத்து, பிறகு 5.4-க்கு நிரப்புவதே முறை. 20 சதவீத நிக்கல் வேண்டுமென்றால் 8 கிராம் அலுமினாவுக்கு 9.9 கிராம் உப்பு. துளை இடமோ 4.8 மில்லிலிட்டர். உப்பு மட்டுமே அவ்வளவையும் நிரப்பிவிடும். ஆகவே இரண்டு தவணைகளில்தான் ஏற்ற முடியும். முதல் தவணை மீண்டும் கரைந்துவிடாமல் இருக்க நடுவில் சுட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் ஆடை படிந்தால், உலர்த்திய வேகம் காரணம். நேரே 120 டிகிரி அடுப்பில் வைத்தால் நீர் மேற்பரப்பில் ஆவியாக ஆவியாக உள்ளிருக்கும் கரைசல் உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. சில மணி நேரம் அறை வெப்பத்தில் மூடிவைத்து, பிறகு 60 டிகிரியில் அவ்வப்போது கிளறி உலர்த்தி, கடைசியில்தான் 110 டிகிரிக்குச் செல்ல வேண்டும். உருண்டைகளாக இருந்தால் ஒன்றைக் கத்தியால் பிளந்து பார்க்கலாம். ஓரத்தில் மட்டும் பச்சை வளையம் இருந்தால் அதே கதைதான். இன்னும் சுடாத தொகுதி என்றால் வீணில்லை: நைட்ரேட் நீரில் கரையும் நிலையில்தான் இருக்கிறது, துளைப் பருமனுக்குச் சற்றுக் குறைவான நீரைத் தெளித்துக் கிளறி, மூடிவைத்து, மெதுவாக மீண்டும் உலர்த்தலாம்.

நிக்கல் நைட்ரேட் ஈரத்தை இழுக்கும். திறந்து பலநாள் ஆன புட்டியிலிருந்து எடைபோட்டால் 4.95 கிராமில் நிக்கல் 1 கிராமுக்குக் குறைவாகவே இருக்கும். முடிவில் ஐசிபி முறையில் (மாதிரியைக் கரைத்துத் தனிம அளவைக் காணும் பகுப்பாய்வு) நிக்கல் அளவை உறுதிப்படுத்தாமல் 10 சதவீதம் என்று எழுதுவது நம்பிக்கையே அன்றி அளவீடு அன்று.

உப்பை ஏற்றுவதற்குப் பதிலாக சோடியம் கார்பனேட்டால் வீழ்படிவாக்கி வினையூக்கி செய்பவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: மந்தமான தொகுதிக்குக் காரணம் பெரும்பாலும் கழுவாமல் விட்ட சோடியமே. கழுவுநீரின் மின்கடத்துதிறன் காய்ச்சி வடித்த நீரின் அளவை நெருங்கும்வரை கழுவ வேண்டும்.

அறிகுறி: மீத்தேனோடு கார்பன் மோனாக்சைடும் வருகிறது

450 டிகிரிக்கு மேல் என்றால் இது வினையின் இயல்பு. வெப்பம் உறிஞ்சும் எதிர்த்திசை நீர்வாயு வினை (கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் நீருமாவது) அங்கே வலுப்பெறுகிறது. 300 முதல் 350 டிகிரியிலேயே வந்தால், ஹைட்ரஜன் விகிதம் நான்குக்குக் கீழே இறங்கியிருக்கலாம், அல்லது நிக்கல் மிகக் குறைவாகவோ ஒடுங்காமலோ இருந்து, கார்பன் மோனாக்சைடு மேற்கொண்டு ஹைட்ரஜனேற்றம் பெறும் முன் தப்பிவிடலாம். வாயு ஓட்டத்தைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். மோனாக்சைடு குறைந்து மீத்தேன் கூடினால் தொடர்பு நேரமே குறை. மாறவில்லை என்றால் டிபிஆருக்குத் திரும்ப வேண்டும்.

மோனாக்சைடு வருகிறது என்றாலே ஒரு ஆபத்தும் வருகிறது. ஒடுங்கிய நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் 200 டிகிரிக்குக் கீழே சந்தித்தால் நிக்கல் டெட்ராகார்பனைல் உண்டாகும். 43 டிகிரியில் கொதிக்கும் இந்தச் சேர்மம் மிகக் கொடிய நச்சு, வினையூக்கியின் நிக்கலையும் அள்ளிச் சென்றுவிடும். சோதனை முடிந்ததும் 250 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே கார்பன் வாயுக்களை நிறுத்தி, நைட்ரஜனால் குழாயைத் துடைத்து, அதன்பிறகே குளிர்விக்க வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது.

அறிகுறி: தொடக்கத்தில் நன்றாக இருந்து, நாள்தோறும் குறைகிறது

மூன்று சந்தேக நபர்கள்: கந்தகம், துகள் திரளல், கார்பன் படிவு. படுகையில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெர்மோகப்பிள் இருந்தால் அதுவே பாதி விடையைச் சொல்லும். மிகச் சூடான இடம் நுழைவாயிலிலிருந்து மெல்ல மெல்ல வெளிவாயிலை நோக்கி நகர்ந்தால், முன்பகுதி நஞ்சேறிச் செத்துக்கொண்டிருக்கிறது, அதாவது கந்தகம். சாண எரிவாயுவிலிருந்தோ கழிவுநீர் வாயுவிலிருந்தோ பிரித்த கார்பன் டை ஆக்சைடில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் நிக்கல் மேற்பரப்பு அதை விடாமல் பிடித்துக்கொள்ளும். வினையூக்கிக்கு முன்னால் துத்தநாக ஆக்சைடுப் படுகை ஒன்றை வைப்பதே வழி. ஏறிய கந்தகத்தை இறக்க முயல்வது பலன் தராது.

சூடான இடம் நகராமல் செயல்திறன் படுகை முழுவதும் சீராகக் குறைந்தால் திரளலை ஐயுறலாம். புதியதையும் பயன்படுத்தியதையும் எக்ஸ்ஆர்டியில் அடுத்தடுத்து வைத்து, 51.8 டிகிரிக் கோட்டின் அகலத்தை ஒப்பிட வேண்டும். உயர்வெப்பமும் வினையில் உண்டாகும் நீராவியும் சேர்ந்து இதைச் செய்கின்றன.

கார்பனைத் தேடும்போது, சூடேற்றியபடி எடை மாற்றத்தை அளக்கும் டிஜிஏ சோதனையில் ஒரு கண்ணி இருக்கிறது. காற்றில் சூடேற்றும்போது கார்பன் எரிந்து எடை குறையும். ஆனால் அதே நேரத்தில் நிக்கல் ஆக்சைடாகி எடை கூடும். 10 சதவீத நிக்கல் உள்ள தூளில் இந்தக் கூடுதல் 2.7 சதவீதம் வரை இருக்கும். ஆகவே ஒன்றிரண்டு சதவீதக் கார்பன் வரைபடத்தில் தெரியாமலே மறைந்துவிடலாம். வெளிவரும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்தே அளந்தால்தான் உண்மை தெரியும். நான்குக்கு ஒன்று விகிதத்தில் மீத்தேனாக்கும்போது கார்பன் படிவது அரிது; மீத்தேனையும் கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து 700 டிகிரியில் தொகுப்புவாயு (ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்தது) செய்பவர்களுக்கோ அதுவே முதற்பகை. நிக்கல் துகளை நுனியில் தூக்கிக்கொண்டு வளரும் கார்பன் இழைகள் குழாயையே அடைத்துவிடும்.

அறிகுறி: உள்வாயில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது

கார்பன் இல்லை என்று உறுதியானால், நீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். வினைக்குழாய்க்கும் குளிர்பொறிக்கும் இடையேயுள்ள மெல்லிய குழாயைச் சூடாக வைக்காவிட்டால் நீர் அங்கேயே துளியாகி அடைக்கும். வெப்பநாடா சுற்றி அதை 120 டிகிரியில் வைத்தால் சரியாகிவிடும். அதன்பிறகும் ஏறினால் தூள் நைந்துவிட்டது. 150 மைக்ரோமீட்டருக்குக் கீழே உள்ள பொடியைச் சலித்து நீக்கி, மீதியைக் குவார்ட்ஸ் பஞ்சுக்கு இடையே அமுக்காமல் நிரப்ப வேண்டும். நிக்கல் சேர்மங்களின் தூள் புற்றுநோய் விளைவிப்பது; சலிக்கும் வேலையைக் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, புகைக்கூண்டுக்குள்ளேயே செய்க.